ஸ்பிட்டிக்கு ஜீப்பில் கூடாரப் பயணம்: எந்த வண்டி என்பதை விட எத்தனை நாள் லீவ் என்பதே முக்கியம்

2023 ஜூலை இரண்டாவது வாரம். இமாச்சலப் பிரதேசத்தின் சந்திரதால் ஏரிக்கு அருகே கூடாரங்களில் தங்கியிருந்த 250க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் திடீர்ப் பனிப்பொழிவில் மாட்டிக்கொண்டார்கள். வெளியே வரும் மலைப்பாதை பனியிலும் மண்சரிவிலும் மூடிப்போனது. உடல்நிலை மோசமான சிலரை மட்டும் ஹெலிகாப்டரில் கொண்டுவர முடிந்தது. பாதையைத் திறந்து மற்றவர்களை மீட்டு முடித்தபோது தேதி 13. அந்த நாட்களில் அங்கே நின்றிருந்த வண்டி ஃபோர் வீல் டிரைவா, சாதாரண காரா என்பதற்கு ஒரு அர்த்தமும் இருக்கவில்லை. எல்லாமே நின்ற இடத்தில்தான் நின்றன.

தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகள் பரவலான பிறகு, சென்னை, கோவை, பெங்களூரு ஐ.டி. நண்பர் குழுக்களின் கனவுப் பட்டியலில் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு தவறாமல் இடம்பிடிக்கிறது. வாட்ஸ்ஆப் குழுவில் விவாதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். எந்த வண்டி, எந்த டயர், கூரைமேல் போடும் கூடாரம் வாடகைக்குக் கிடைக்குமா, யார் யார் ஓட்டுவது. கடைசியில் ஒருவர் கேட்பார்: "சரி, எத்தனை நாள் லீவ் போடணும்?" இன்னொருவர் சொல்வார்: "அஞ்சு நாள் போதும் மச்சி, ரெண்டு பக்கமும் வீக்கெண்ட் இருக்குல்ல."

அந்தக் கடைசிக் கேள்விதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

எங்கே இருக்கிறது இந்தப் பாதை?

லாஹூல் - ஸ்பிட்டி மாவட்டத்தில், மணாலி - லே நெடுஞ்சாலையிலிருந்து கிராம்பூ என்ற இடத்தில் ஒரு சாலை பிரிகிறது. பெயர் தேசிய நெடுஞ்சாலை 505. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. கிராம்பூவிலிருந்து சத்ரு வழியாக பாத்தல் வரையிலான சுமார் 50 கி.மீ., சந்திரா ஆற்றை ஒட்டிக் கல்லும் சேறும் ஓடையுமாகப் போகிற பாதை என்றே பல ஆண்டுகளாக ஓட்டுநர்களிடம் பெயர் வாங்கியிருக்கிறது. மணிக்கு 15 கி.மீ. வேகம் கிடைத்தால் நல்ல நாள். பாத்தலைத் தாண்டியதும் பாதை இரண்டாகும். ஒன்று சந்திரதால் ஏரிக்கு, சுமார் 14 கி.மீ. மற்றொன்று 4,550 மீட்டருக்கு மேல் உள்ள குன்சும் கணவாயில் ஏறி, லோசர் கிராமத்தில் இறங்கி, ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவுக்குப் போகும்.

குன்சும் உச்சியில் குன்சும் தேவி கோயில் இருக்கிறது. உள்ளூர் ஓட்டுநர்கள் வண்டியோடு அதை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே போவார்கள். மேப்பில் இந்தத் தூரத்துக்குப் போட்டிருக்கும் நேரத்தை அவர்கள் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கணவாய் ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. வழக்கமாக மே கடைசி அல்லது ஜூனில் பனியை அகற்றித் திறப்பார்கள், அக்டோபர் வாக்கில் மூடிவிடும். இடைப்பட்ட மாதங்களிலும் நிச்சயம் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிட்டிக்குள் மழை குறைவுதான், ஆனால் அதற்குப் போகும் குலு, கின்னௌர் பாதைகளில் பருவமழை மலையைச் சரிக்கும். 2021 ஆகஸ்டில் கின்னௌரின் நிகுல்சரியில் அரசுப் பேருந்து உள்ளிட்ட வாகனங்கள் மீது மலை சரிந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டம்பர் பரவாயில்லை: வானம் தெளிவு, ஓடைகளில் தண்ணீர் குறைவு. அதிலும் 2018 செப்டம்பர் கடைசியில் முன்கூட்டியே கொட்டிய பனியில் இதே மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் சிக்கி, விமானப் படை ஹெலிகாப்டர்கள் வர வேண்டியிருந்தது.

உடம்புக்கு எத்தனை நாள் வேண்டும்?

நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்த உயரம் ஊட்டி, சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சிக்கே போனாலும் 2,637 மீட்டர். சந்திரதால் ஏறக்குறைய 4,250 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அவசரப்படுத்தினால் பழகாது. ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

மலை மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றும் விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு மேலே போய் வந்தாலும் கணக்கு தூங்கும் இடத்துக்குத்தான்.

இந்த விதியோடு மணாலி வழியை ஒப்பிட்டால் சிக்கல் புரியும். மணாலி சுமார் 2,050 மீட்டரில் இருக்கிறது. 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, ரோத்தாங் கணவாயில் ஏறாமலேயே மறுபக்கம் போய்விடலாம். காலையில் மணாலியில் பூரி சாப்பிட்டுவிட்டு மாலையில் சந்திரதால் முகாமில் டீ குடிக்கலாம். ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏற்றம். சுரங்கம் மிச்சப்படுத்தியது சாலை நேரத்தை மட்டும்தான். உடம்பு பழக எடுக்கும் நேரம் அப்படியே இருக்கிறது.

அன்று இரவு தலைவலி வரும். வாந்தி உணர்வு, பசியின்மை, தூக்கமின்மை சேரலாம். "டயர்டா இருக்கு, தூங்கினா சரியாயிடும்" என்று விடுகிறவர்களே அதிகம். பலருக்குச் சரியாகியும் விடும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் கூடினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டும். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் பாதிப்பு மூளையில். இரண்டுக்கும் உண்மையான சிகிச்சை ஒன்றுதான்: உடனே கீழே இறங்குவது. ஆக்சிஜன் சிலிண்டர் இறங்கும் வரை தாக்குப்பிடிக்க உதவும், இறங்குவதற்கு மாற்றாகாது.

சந்திரதாலின் பொறி இங்கேதான் இருக்கிறது. காசாவில் அரசு மருத்துவமனை உண்டு, ஆனால் அங்கே போக முதலில் குன்சும் கணவாயில் இன்னும் 300 மீட்டர் மேலே ஏற வேண்டும். மூச்சு வாங்கும் நோயாளியை இன்னும் மேலே கொண்டுபோவது ஆபத்து. கீழே இறங்கும் வழி பாத்தல், சத்ரு பக்கம். அங்கிருந்து மாவட்டத் தலைநகர் கேலாங். அந்த வழியில்தான் ஓடைகள் குறுக்கிடுகின்றன. மாலைக்குப் பிறகு அவற்றைக் கடப்பது எப்படிப்பட்ட காரியம் என்பது அடுத்த கேள்வி.

அசெட்டசோலமைடு மாத்திரை பழகுவதை வேகப்படுத்த உதவும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் போன்ற சிலருக்கு அது பிரச்சினையாகலாம் என்பதால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் சில இரவுகளில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். "கேம்ப் ஃபயர்னா ஒரு பெக் இல்லாமலா" என்கிற நண்பரிடம் இதை விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஓடையை ஏன் காலையில் கடக்க வேண்டும்?

பாதையைக் குறுக்கே வெட்டும் ஓடைகளை உள்ளூரில் நாலா என்பார்கள். நமக்குத் தெரிந்த காட்டாறு மழை பெய்தால் பெருகும். இந்த ஓடைகள் வெயில் அடித்தால் பெருகும். மேலே இருக்கும் பனிப்பாறைகள் பகல் முழுக்க உருகி, அந்தத் தண்ணீர் பிற்பகலில் பாதைக்கு வந்து சேரும். காலை 7 மணிக்குக் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் 4 மணிக்குத் தொடை அளவு, பழுப்பு நிறத்தில், பாறைகளை உருட்டிக்கொண்டு வரலாம். லாஹூல் - ஸ்பிட்டியில் 'பாகல் நாலா' என்றே பெயர் வாங்கிய ஓடைகள் உண்டு. பாகல் என்றால் பைத்தியம்.

ஓடும் தண்ணீர் 30 செ.மீ. ஆழம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும், 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிவிடும் என்பது வெள்ளப் பாதுகாப்பில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. எஸ்.யூ.வி.யின் எடை இதில் பெரிய பாதுகாப்பு இல்லை. ஆகவே திட்டத்தில் 'பிற்பகலில் ஓடை கடப்பது' என்ற வரியே இருக்கக் கூடாது. சந்திரதாலிலிருந்து மணாலி இறங்குகிறவர்கள் விடியலில் கிளம்பிவிட வேண்டும். தாமதமாகிவிட்டால் பாத்தலிலோ சத்ருவிலோ இரவைக் கழித்துவிட்டு மறுநாள் காலை போக வேண்டும். ஒரு நாள் போகும், அவ்வளவுதான்.

கடக்கும்போது: முதலில் இறங்கி நின்று பார்க்க வேண்டும். முன்னால் போகும் உள்ளூர் வண்டி எந்தக் கோட்டில் போகிறது, தண்ணீர் சக்கரத்தில் எதுவரை ஏறுகிறது என்று கவனிக்க வேண்டும். ஃபோர் லோ போட்டு, முதல் கியரில், சீராக, நடுவில் கியர் மாற்றாமல், கிளட்ச் மிதிக்காமல் போக வேண்டும். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாது, அழுத்தப் போய் இன்ஜின் உள்ளே உடையும். சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு பாலிசியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தில் ஆஃப் ரோடு ஓட்ட அனுமதி இருக்கிறதா என்பதையும் சின்ன எழுத்து வரை படிக்க வேண்டும். 'செல்ஃப் டிரைவ் தார்' என்று விளம்பரம் செய்துவிட்டு, மலைப்பாதைச் சேதம் வாடிக்கையாளர் பொறுப்பு என்று எழுதியிருப்பது புதிதல்ல.

வண்டியில் எதைத்தான் பார்க்க வேண்டும்?

தரையிலிருந்து நல்ல உயரம், ஃபோர் லோ, பக்கச் சுவர் கிழியாத நல்ல டயர், முழு அளவு ஸ்டெப்னி. இவை இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம். எல்.இ.டி. பார் போட்டு வைப்பவர்கள், இந்தப் பாதையில் இரவில் ஓட்டவே கூடாது என்பதை யோசிப்பதில்லை.

டயர் காற்று விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. மலை ஏறும்போது பையில் உள்ள சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பும். வெளியே காற்றழுத்தம் குறைவதால் நடப்பது அது. டயருக்கும் அதேதான். சமவெளியில் 32 பி.எஸ்.ஐ. வைத்தால், வெப்பநிலை மாறாதபட்சத்தில் சந்திரதாலில் மானி சுமார் 38 காட்டும். அதிகாலைக் குளிரில் அது பழையபடி இறங்கிவிடும், வெயில் ஏறினால் மறுபடி கூடும். கல்லில் இறுகிய டயர் வழுக்கும், குதிக்கும், எளிதில் வெட்டுப்படும். எனவே மானியும், காற்றடிக்கும் சிறு கம்ப்ரசரும், பஞ்சர் ஒட்டும் பொருட்களும் கையில் இருக்க வேண்டும். கரடுமுரடான பகுதியில் சில பி.எஸ்.ஐ. குறைத்து ஓட்டிவிட்டு, தார்ச்சாலை வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.

சேற்றில் மாட்டினால் இழுக்கும் கயிற்றை வண்டியின் சட்டத்தோடு பொருத்தப்பட்ட கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும், பம்பரில் அல்ல. இழுக்கும்போது மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்க வேண்டும். அறுந்து வரும் கயிறு ஆளைக் கொல்லும். ஒரே வண்டியாகப் போவதைவிட இரண்டு வண்டிகளாகப் போவது நல்லது என்பதும் இதனால்தான்.

பெட்ரோல் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட வேண்டும். காசாவில் நிரப்பினால் அடுத்தது மணாலி பக்கம்தான். காசா, குன்சும், சந்திரதால், பாத்தல், கிராம்பூ, மணாலி என்று போனால் ஏறத்தாழ 230 கி.மீ. ஆனால் பாதி வழியில் ஓடை மறித்தால் காசாவுக்கே திரும்ப வேண்டும். அப்போது 260 கி.மீ.யைத் தாண்டும். ஜிம்னியின் டேங்க் 40 லிட்டர். கல்பாதையில் லிட்டருக்கு 7 கி.மீ. என்று வைத்தால் 280 கி.மீ. ஓடும். காகிதத்தில் போதும். முகாமில் குளிருக்கு இன்ஜினை ஓடவிட்டால் போதாது. இறுக்கமாக மூடும் உலோகக் கேனில் 10 லிட்டர் கூடுதலாக இருப்பது நிம்மதி.

கூடாரத்தில் சோறு வேகுமா?

சந்திரதாலில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேகாமல் உயிரை வாங்கும். சின்ன குக்கர் ஒன்று கொண்டுபோனால் பிரச்சினை தீர்ந்தது. கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாது, சண்டிகரிலோ மணாலியிலோ வாங்க வேண்டும். அடுப்பைக் கூடாரத்துக்குள் மட்டும் ஏற்றவே கூடாது, கரி அடுப்பும் அப்படியே. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். இரவில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் என்று எண்ணியே உறங்கும் பையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏரிக்கரையில் கூடாரம் போடத் தடை இருக்கிறது. 2005-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம் இது, வனவிலங்குச் சரணாலயமும்கூட. அனுமதிக்கப்பட்ட முகாம்கள் ஏரியிலிருந்து இரண்டு மூன்று கி.மீ. தள்ளி உள்ளன. வண்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும். இன்ஸ்டாகிராமில் கரையோரம் ஜீப் நிற்கும் படத்தைப் பார்த்து யாரும் முயல வேண்டாம். கொண்டுபோன குப்பை, ஈர டிஷ்யூ உட்பட, திரும்பி வண்டியில் ஏற வேண்டும்.

எத்தனை நாள் லீவ்?

சண்டிகரில் வண்டி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சிம்லா, கின்னௌர் வழியே போனால் உயரம் படிப்படியாகக் கூடும். முதல் இரவு நார்கண்டா, 2,700 மீட்டர். இரண்டாவது கல்பா, 2,960. மூன்றாவது தாபோ, 3,280. நான்காவதும் ஐந்தாவதும் காசா, சுமார் 3,650. ஐந்தாம் நாள் பகலில் கீ மடாலயம், கிப்பர் என்று மேலே போய்விட்டு இரவில் காசாவுக்கே திரும்பலாம். ஆறாவது இரவு லோசர், 4,000 மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஏழாவது இரவு சந்திரதால். எட்டாம் நாள் விடியலில் இறங்கினால் மணாலி. ஒன்பதாம் நாள் சண்டிகர்.

ஒன்பது நாள் வந்துவிட்டது, அதாவது அஞ்சு நாள் லீவும் இரண்டு வீக்கெண்டும் அப்படியே தீர்ந்துவிட்டன. சென்னையிலிருந்து போய் வரும் நேரமே இதில் சேரவில்லை. மழைக்கோ, சரிவுக்கோ, ஒருவருக்குத் தலைவலி வந்து கூடுதலாகத் தங்குவதற்கோ ஒரு நாள்கூட மிச்சமில்லை. பத்தாம் நாள் காலை ஸ்டாண்டப் மீட்டிங் இருக்கிறவர், எட்டாம் நாள் மாலை பெருகி ஓடும் நாலாவின் முன்னால் நின்று "கடந்துடலாம்டா" என்று சொல்லத்தான் செய்வார். அவர் முட்டாள் அல்ல. அவர் கையில் நாள் இல்லை.

எனவே இரண்டு நாள் உபரி இல்லாமல் சந்திரதாலைத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. ஒன்பது நாள்தான் கிடைக்கும் என்றால் காசா வரை போய், அதே கின்னௌர் வழியில் திரும்பலாம். ஸ்பிட்டியில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி காசாவைச் சுற்றித்தான் இருக்கிறது. திரும்பும் விமான டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற வகையில் எடுக்க வேண்டும். அதற்குக் கூடுதலாகப் போகும் பணம், புது டயருக்குச் செலவழிப்பதைவிடப் பயனுள்ளது.

சிக்னல் இல்லாத இடத்தில் யாருக்கு, எப்படிச் சொல்வது?

லோசரைத் தாண்டினால் கிராம்பூ வரை பெரும்பகுதியில் மொபைல் சிக்னலை எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டு யூடியூபர்கள் பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை ஆன்லைனில் வாங்கிக் கொண்டுபோகவும் கூடாது. துராயா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் போன்களையும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளையும் இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையங்களில் பிடிபட்டவர்கள் உண்டு.

மிச்சமிருப்பது பழைய வழி. காசாவிலோ லோசரிலோ கடைசி சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று, வீட்டில் ஒருவருக்கு வண்டி எண், உடன் வருபவர்களின் பெயர், போகும் பாதை, எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்பு வரும் என்பதை எழுதி அனுப்ப வேண்டும். உபரி நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் வீணாகப் பதறுவார்கள். அந்த நேரம் தாண்டினால் அழைக்க வேண்டியது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. அதன் எண் 1077 என்று பலருக்கும் தெரியும். ஆனால் சென்னையில் உட்கார்ந்து 1077 அழுத்தினால் எடுப்பது சென்னைக் கட்டுப்பாட்டு அறை. லாஹூல் - ஸ்பிட்டி மாவட்ட நிர்வாகத்தின் முழுத் தொலைபேசி எண்ணை, எஸ்.டி.டி. குறியீட்டோடு, கிளம்பும் முன்பே அவருடைய போனில் பதிந்து வைத்துவிட வேண்டும்.